தலையை விடுங்கள், சட்டையைப் பாருங்கள்

(திருத்தணியில் ஆசிரியர்களும் ஓவிய ஆர்வலர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விலங்குக்கு மனித உடை மாட்டி வரைந்த படத்தை எப்படிப் படிப்பது? இதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். கோட்டுப் போட்ட முயல், கிரீடம் வைத்த நரி, நெற்றியில் நாமம் இட்ட பூனை என்று குழந்தைப் புத்தகம் முதல் அரசியல் கேலிச்சித்திரம் வரை இவை எங்கும் இருக்கின்றன. அப்படி ஒரு படத்தைக் காட்டி அர்த்தம் கேட்டால், பெரும்பாலோர் சட்டென்று விலங்கின் பெயரைப் பிடித்துக்கொள்வார்கள். நரியா, தந்திரம். சிங்கமா, வீரம். முயலா, பயம். படம் அதோடு முடிந்துவிடும். அதில் உள்ள உடையை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். அர்த்தம் பெரும்பாலும் அந்த உடையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அதைச் சொல்லத் தணிகைமலை அடிவாரம் எனக்கு மிகவும் வசதியான இடம்.

யானையை எடுத்துக்கொள்வோம். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் சூரபதுமனின் தம்பி தாரகாசுரனுக்கு யானை முகம். முருகனின் அண்ணன் விநாயகருக்கும் யானை முகம். ஒரே கதையில் ஒரே தலை எதிரியின் பாசறையிலும் இருக்கிறது, சொந்த வீட்டிலும் இருக்கிறது. வள்ளியைக் கலங்கடிக்கத் தினைப்புனத்தின் பக்கம் வருகிறாரே விநாயகர், அப்போது மனித உடல்கூட இல்லை, முழு யானையாகவே வருகிறார். நான்காவது யானை மலைமேல் நிற்கிறது. தெய்வயானையை மணமுடித்துக் கொடுத்த இந்திரன் ஐராவதத்தையும் சீதனமாகத் தந்தான். அதனால் தன் உலகில் வளம் குன்றியது கண்டு, அதன் பார்வையாவது தேவலோகத்தை நோக்கி இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். ஆகவே இங்கே யானை வாகனம் சந்நிதியைப் பார்க்காமல் வெளியே பார்த்து நிற்கிறது என்று தலவரலாறு சொல்கிறது. உங்களில் பலர் அதைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவர்கள்.

இப்போது சொல்லுங்கள், யானை என்றால் என்ன அர்த்தம்? நான்குக்கும் பொருந்தும் ஒரு பதில் கிடையாது. தாரகனையும் விநாயகரையும் ஒரே ஓவியர் வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். துதிக்கையிலும் காதிலும் அவர் பெரிய வித்தியாசம் காட்ட முடியாது. வித்தியாசம் கழுத்துக்குக் கீழேதான் தொடங்குகிறது. ஒருவருக்கு மார்புக் கவசம், வாள், கேடயம். மற்றவருக்குப் பாசம், அங்குசம், மோதகம், தொந்தியைச் சுற்றிப் பாம்புக் கச்சை. நம் கை கூப்புவதா ஓங்குவதா என்பதை முடிவு செய்வது அந்த உடையும் கைப்பொருளும்தான்.

ஆட்டுக்கும் இதே கதி. வேள்வியில் தலையிழந்து ஆட்டுத் தலை பெற்ற தக்கன் வீரபத்திரர் சிற்பங்களின் பக்கத்தில் கைகூப்பி நிற்கிறான். சூரனின் தங்கை அசமுகிக்கும் ஆட்டு முகம். முருகன் ஏறிய ஆடு வேறு இருக்கிறது.

கந்தசஷ்டியின் ஆறாம் நாள் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்காரம் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சூரன் உருவத்துக்கு முதலில் யானைத் தலை. அது வீழ்ந்ததும் சிங்கத் தலை. பிறகு சூரனின் சொந்தத் தலை. தலைகள் மாறுகின்றனவே தவிர உடல் அதேதான். தாரகன், சிங்கமுகன், சூரன் மூவரையும் மாயை, கன்மம், ஆணவம் என்ற மும்மலங்களாகச் சைவர்கள் விளக்குவார்கள். அந்த விளக்கத்தைக் கேட்டே இராத ஒரு சிறுவனும் மாறாத அந்த உடலைப் பார்த்து, வருகிறவன் ஒரே ஆள்தான் என்று புரிந்துகொள்கிறான். மூன்று தனித்தனி உருவங்கள் செய்து நிறுத்தியிருந்தால் இந்தப் பொருள் கிடைத்திருக்காது.

திருத்தணியில் அந்தக் காட்சி கிடையாது. முருகன் சினம் தணிந்த மலை என்பதால் இங்கே சூரசம்காரம் நடப்பதில்லை, கந்தசஷ்டிக்குப் புஷ்பாஞ்சலிதான். சூரன் இங்கே வேறு வடிவத்தில் இருக்கிறான், மயிலாகவும் சேவலாகவும். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சாகி, நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்து சேர்ந்த முருகன் படங்களை நினைத்துப் பாருங்கள். அந்த மயிலின் தலையில் கிரீடம் இல்லை, உடம்பில் கவசம் இல்லை. உலகங்களை ஆண்ட அசுரன் மன்னிக்கப்பட்டபோது அவனுடைய அரச உடை முழுவதும் போய்விட்டது. மிருகத்துக்கு உடை மாட்டுவது உயர்த்துவது, கழற்றுவது தாழ்த்துவது என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அந்தப் படத்தில் உடை போனதுதான் அருள். இதை நான் மிகவும் பெரிய கற்பனையாக மதிக்கிறேன்.

மாமல்லபுரத்துப் பூனைக்கு வருகிறேன். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் சிற்பம். அர்ஜுனன் தவம் என்று சிலரும் பகீரதன் தவம் என்று சிலரும் சொல்லும் அந்தப் பெரும்பாறையில், மேலே ஒரு தவசி ஒற்றைக்காலில் நின்று கைகளைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறார். வலப்பக்கம் கீழே, பெரிய யானைகளின் பக்கத்தில், ஒரு பூனை பின்னங்கால்களில் எழுந்து முன்னங்கால்களை அப்படியே தலைக்கு மேல் தூக்கி நிற்கிறது. எலிகள் சுற்றிலும் இருக்கின்றன. இந்தப் பூனையின் உடம்பில் ஒரு நூல் துணி இல்லை. ஆனால் நிற்கும் நிலையையே அது உடையாக உடுத்தியிருக்கிறது. மனிதரில் ஒரு வகையாருக்கு மட்டும் உரிய நிலை அது. தவசி மேலே இல்லாவிட்டால் பூனை சோம்பல் முறிக்கிறது என்றுகூட ஒருவர் சொல்லிவிடலாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது வேடமாகிறது.

இந்தத் தவப் பூனையின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிறது. கங்கைக் கரையில் கை தூக்கி நின்ற பூனையை எலிகள் நம்புகின்றன. தங்களுக்குக் காவலாக இருக்க வேண்டுகின்றன. பூனை சம்மதிக்கிறது. நாளுக்கு நாள் எலிகள் குறைகின்றன, பூனை கொழுக்கிறது. இதை யார் யாருக்குச் சொல்வது? போருக்கு முன் உலூகனைத் தூது அனுப்பும் துரியோதனன், தருமனைக் குத்திக்காட்டச் சொல்லி அனுப்பும் கதை இது. தருமனைத்தான் அவன் பொய்த்தவப் பூனை என்கிறான்! ஒரு கேலிச் சின்னத்தைப் பார்க்கும்போது அது யார் வாயிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பழைய பாடம் எனக்குத் தெரியாது. வேடதாரி என்று பிறரைக் காட்டும் விரல் வேடதாரியினுடையதாகவே இருக்கலாம்.

சிற்பி என்ன நினைத்தார்? கேலி என்று பலர் சொல்கிறார்கள். கங்கை இறங்கும் புனிதமான நேரத்தில் பூனையும் எலியும் பகை மறந்து நிற்கின்றன, அதுவும் உண்மையான தவம்தான் என்று வாசிக்கவும் இடம் இருக்கிறது. பூனையின் வாயில் எலி இல்லை. சிற்பி அந்தக் கடைசித் தகவலைக் கல்லில் வைக்கவே இல்லை.

கொல்கத்தாவின் காளிகாட் ஓவியர்கள் அதை வைத்துவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் கோயிலுக்கு வருகிறவர்கள் வாங்கிப் போவதற்காகக் கெட்டியான தூரிகைக் கோட்டில் மளமளவென்று அவர்கள் வரைந்து தள்ளிய படங்களில் ஒரு பூனை உண்டு. நெற்றியில் வைணவத் திலகம், வாயில் இறால். சைவ உணவு விரதம் பூண்டதாகச் சொல்லிக்கொள்ளும் போலிச் சாமியாரைக் குறிக்கும் படம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வரை அந்தப் பூனை போய்விட்டது. பிற்பாடு ஜாமினி ராயும் அதைத் தன் பாணியில் வரைந்தார். இங்கே உடை என்பது நெற்றியில் ஒரு கோடு மட்டும். அந்தக் கோட்டை அழித்துவிட்டுப் பாருங்கள். இறால் தின்னும் பூனை, அவ்வளவுதான். அதில் குற்றம் ஏதும் இல்லை. இறாலை அழித்துவிட்டுப் பாருங்கள். பக்தியுள்ள பூனை. இரண்டும் சேரும் இடத்தில்தான் குற்றச்சாட்டு பிறக்கிறது. ஜப்பானில் கியோத்தோவின் கோசான்ஜி மடத்துக்கு உரிய பழைய சித்திரச் சுருளில், புத்தரைப் போல அமர்ந்த தவளையின் முன்னால் குரங்கு ஒன்று துறவி உடையில் வழிபாடு நடத்துகிறது. அங்கேயும் சிரிப்பு குரங்கினால் வரவில்லை, அந்த அங்கியினால் வருகிறது.

இனி எனக்கு மனவருத்தம் தரும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பஞ்சதந்திரத்தில் புலித்தோல் போர்த்திய கழுதையின் கதை எல்லாருக்கும் தெரியும். தோலைப் போர்த்திக்கொண்டு பிறர் வயலில் மேய்ந்தது, ஒருநாள் கத்திவிட்டது, அடிபட்டுச் செத்தது. தகுதிக்கு மீறி வேடம் போடாதே என்று வகுப்பில் நீதி சொல்கிறோம். ஆனால் கழுதை தானாகவா தோலைப் போர்த்திக்கொண்டது? தீனிச் செலவை மிச்சம் பிடிக்க அதன் சொந்தக்காரன் போர்த்தி அனுப்பினான். வேடத்தின் லாபம் அவனுக்கு, அடி கழுதைக்கு. உடையை மாட்டிவிட்டது யார் என்ற ஒரு கேள்வி கதையின் நீதியையே திருப்பிப் போட்டுவிடுகிறது.

நீலத் தொட்டியில் விழுந்த நரியின் கதையும் அப்படித்தான். நிறம் மாறிய நரி காட்டுக்கு அரசனாகிறது. கடைசியில் ஊளையிட்டு மாட்டிக்கொள்கிறது. பிறவிக் குணம் போகாது என்று இதற்கு நீதி எழுதுகிறவர்கள் உண்டு. பஞ்சதந்திரம் சொல்வது வேறு. அரசனானதும் அந்த நரி முதலில் செய்த காரியம் தன் சொந்த நரிக்கூட்டத்தைத் துரத்தியது. தன்னவரைக் கைவிட்டவன் அழிவான் என்பதற்காகத்தான் அங்கே அந்தக் கதை சொல்லப்படுகிறது. பிறப்பை மீறாதே என்ற பொருளை அதன் மேல் ஏற்றியது பின்னால் வந்த நாம்.

நம் நாட்டில் இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. தோள்சீலை அணிந்ததற்காகப் பெண்கள் அடிபட்ட மண் இது. திருவிதாங்கூர் அரசு 1859இல் நாடார் பெண்கள் மேலுடம்பை மூடலாம் என்று உத்தரவிடுவதற்கு முன்னால் எத்தனை ஆண்டுப் போராட்டம்! யார் எதை உடுத்தலாம் என்பதை ஒரு சமூகம் இவ்வளவு கொடுமையாக நிர்ணயித்திருக்கும்போது, படத்தில் நரிக்கு எந்த உடை மாட்டுகிறோம் என்பதை அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. குழந்தைகளுக்கான படங்களில் திருட்டு நரிக்குக் கட்டம்போட்ட லுங்கியும், கெட்டிக்கார முயலுக்கு இஸ்திரி போட்ட அரைக்கால் சட்டையும் மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தையின் அப்பா லுங்கி கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவராக இருந்தால்? வரைந்தவர் கெட்ட எண்ணத்தோடு வரைந்திருக்க மாட்டார். கை பழக்கத்தில் போய்விட்டது. அந்தப் பழக்கத்தைத்தான் நிறுத்திக் கேட்கச் சொல்கிறேன். ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

குழந்தைப் படங்கள் எல்லை தாண்டியும் போகின்றன; இந்த ஊரோ எல்லைப்போராட்டம் கண்ட ஊர். ம.பொ.சி.யும் தோழர்களும் போராடியதன் பின்னால், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு 13 ஆண்டு முன்பே, 1947 ஜூலையில், நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையிலிருந்து ஒரு சிறுவர் பத்திரிகை தொடங்கினார்கள். தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. எழுத்து இரண்டு, படம் ஒன்று. இந்த எல்லையின் இருபுறமும் பிள்ளைகள் ஒரே சித்திரத்தைப் பார்த்து வளர்ந்தார்கள். இப்படி மொழிகளைக் கடந்து போகும் படத்தில் உடையின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. வசனத்தைத் திருத்தி எழுதலாம், வரைந்த வேட்டியை மாற்ற முடியாது.

விலங்கு உடை அணிந்த படங்களில் உலகமெங்கும் தெரிந்தது ஆலிஸின் அற்புத உலகத்து வெள்ளை முயல்தான். லூயிஸ் கரோல் எழுதி 1865இல் வெளிவந்த அந்தப் புத்தகத்துக்கு ஜான் டென்னியல் 42 படங்கள் வரைந்தார். அவர் பஞ்ச் பத்திரிகையின் அரசியல் கேலிச்சித்திரக்காரர், எந்த உடை எந்த வர்க்கத்தைக் காட்டும் என்பதை நுணுகி அறிந்தவர். முதல் படத்தில் முயலுக்குக் கட்டம்போட்ட கோட்டு, உள்ளே வெயிஸ்ட்கோட்டு, கழுத்துப் பட்டி, கக்கத்தில் குடை, கையில் கடிகாரம். காற்சட்டை மட்டும் கிடையாது. இடுப்புக்கு மேலே கனவான், கீழே ஓடத் தயாராக நிற்கும் முயல். துணி முடிந்து ரோமம் தொடங்கும் அந்த இடத்தில்தான் முழுப் படமும் இருக்கிறது.

ஆலிஸ் எதற்கு வியந்தாள் என்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். முயல் பேசியதற்கு அவள் பெரிதாக வியக்கவில்லை. அது வெயிஸ்ட்கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் துள்ளி எழுந்தாள். பேச்சு கதைகளில் எல்லா மிருகத்துக்கும் உண்டு. பையும் கடிகாரமும் வேறு. பை இருந்தால் உடைமை இருக்கிறது, கடிகாரம் இருந்தால் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ரயில் அட்டவணைப்படி நாடு முழுவதும் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. சரி, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? சீமாட்டி கோபிப்பாளே என்று முயல் நடுங்குகிறது. தன் வீட்டு வாசலில் பெயர் பொறித்த பித்தளைப் பலகை வைத்திருக்கும் அதே முயல், ஆலிஸை வேலைக்காரி என்று நினைத்து அதட்டுகிறது. மேலே நடுக்கம், கீழே அதட்டல். இந்த இரண்டையும் அந்தக் கோட்டு முதலிலேயே நமக்குக் காட்டிவிட்டது.

கதை முடியும் தறுவாயில் விசாரணை மண்டபத்தில் முயல் மறுபடி வருகிறது. இப்போது கோட்டைக் காணோம். இதயச் சின்னங்கள் போட்ட கட்டியக்கார உடை, ஒரு கையில் எக்காளம், மறு கையில் சுருள். கனவான் என்று நாம் நினைத்தவர் அரண்மனைச் சேவகர் என்று தெரிந்துபோகிறது. உடையை மட்டும் மாற்றி டென்னியல் ஒரு வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிவிட்டார்.

இதோடு நம் அதிகார நந்தியை வைத்துப் பாருங்கள். காளை முகம், மனித உடல், பின்கைகளில் சிவபெருமானுக்கு உரிய மானும் மழுவும். அதுவும் எசமானனின் அடையாளத்தை அணிந்த சேவகர்தான். ஆனால் அந்த முகத்தில் நடுக்கம் இல்லை. மயிலாப்பூரில் பங்குனித் திருவிழாவில் அந்த வாகனம் வரும்போது கவனித்துப் பாருங்கள், எவ்வளவு நிம்மதியாகக் கபாலீசுவரரைச் சுமக்கிறது! கொடுத்தவரிடம் அச்சம் இருந்தால் அதே உடை பாரமாகிறது, அன்பு இருந்தால் அணியாகிறது. முயலை முயலுக்காகவும் காளையைக் காளைக்காகவும் பார்த்திருந்தால் இந்த ஒப்பீடே நமக்குத் தோன்றாது.

ஒரே ஒரு படத்தொடரைச் சொல்லி முடிக்கிறேன். பியாட்ரிக்ஸ் பாட்டர் 1902இல் வெளியிட்ட பீட்டர் முயலின் கதை. பீட்டருக்கு நீலச் சட்டை, பித்தளைப் பித்தான்கள், புத்தம் புதியது. மெக்ரெகரின் தோட்டத்தில் நுழைந்து துரத்தப்படுகிறான். செருப்புகள் கழன்றதும் நான்கு காலில் ஓடுகிறான், வேகம் கூடுகிறது. பெரிய பித்தான்கள் வலையில் சிக்கிக்கொள்ள, சட்டையை விட்டுவிட்டு உயிர் தப்புகிறான். பாட்டர் அங்கிருந்து வெறும் முயலாகவே அவனை வரைகிறார், முயல் உடம்பின் ஒவ்வொரு எலும்பும் அறிந்தவராக. சட்டையையும் செருப்புகளையும் மெக்ரெகர் பறவைகளை விரட்டச் சோளக்கொல்லைப் பொம்மைபோல் நட்டுவிடுகிறார்.

சட்டை போனதால் பீட்டர் பிழைத்தான், ஆகவே இயற்கைக்குத் திரும்பினான் என்று விளக்கம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அம்மாவை மறந்துவிடுகிறார்கள். பீட்டரின் அப்பா அதே தோட்டத்தில் பிடிபட்டு மெக்ரெகர் வீட்டுச் சமையலில் முடிந்தவர். 1904இல் வந்த அடுத்த கதையில், அம்மா கம்பளிக் கையுறை பின்னி விற்றும் மூலிகை விற்றும் பிள்ளைகளை வளர்க்கிறாள் என்று பாட்டர் சொல்கிறார். வலையில் விட்டுவந்தது, இரண்டு வாரத்தில் பீட்டர் தொலைத்த இரண்டாவது சட்டை. நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பம் நடத்துகிறவளுக்கு ஒரு சட்டை என்றால் என்ன என்று இந்த அவையில் உள்ள தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த இரண்டாம் கதையில் பீட்டர் தன் ஒன்றுவிட்ட சகோதரனோடு மறுபடி தோட்டத்துக்குப் போய்ப் பொம்மையின் மேலிருந்த சட்டையைக் கழற்றி எடுத்து வருகிறான். மழையில் நனைந்து அது சுருங்கியிருக்கிறது. செருப்பும் சட்டையும் திரும்பிவந்த சந்தோஷத்தில் அம்மா அவனை மன்னித்துவிடுகிறாள்.

நீங்கள் கொண்டுவந்திருக்கும் படங்களை இனி ஒவ்வொன்றாக மேசைமேல் வையுங்கள். சேர்ந்தே பார்க்கலாம்.